ஹோஸுக்குள் சொருகிய ரப்பர்

மீட்டர்காரர் யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டார். குடிநீர் மீட்டரில் கைவைத்து ஓட்டத்தைக் குறைப்பவர்களைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. வருஷக்கணக்காக அதையே பார்த்ததில், வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட அடுப்பைத் தூண்டிவிட்டது யார் என்று விசாரிக்கிற ஆளாகிவிட்டார். மனைவி அவருக்கு சி.ஐ.டி. என்று பேர் வைத்திருந்தாள்.

அவள் வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவள். பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போயிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் தம்பி, அப்பா காலமானபின் தன் பழைய காரை அவளிடம் கொடுத்தான். சாவியை வாங்கும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மீட்டர்காரர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா ஓடற வண்டிய எவனாவது சும்மா தூக்கிக் குடுப்பானா?"

"அவன் எவனோ இல்ல, என் தம்பி" என்றாள் அவள்.

சில வாரங்களிலேயே ஆயில் குறைய ஆரம்பித்தது. அவர் காருக்கு அடியில் பழைய அட்டையை விரித்துவைத்தார். காலையில் அட்டையின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம். மெக்கானிக்கிடம் விட்டார். எஞ்சினின் பின்பக்கத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போய்விட்டது, புதிது போட்டாயிற்று என்று மெக்கானிக் வண்டியைத் திருப்பிக் கொடுத்தான். மாதம் திரும்புவதற்குள் அட்டையில் மறுபடியும் வட்டம்.

'மெக்கானிக் புது சீல் போடவே இல்லை' என்று மீட்டர்காரருக்குத் தோன்றியது. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, மெக்கானிக் ஷெட்டில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என் கண்ணு முன்னாடி கழட்டுங்க."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. புது சீல் இவ்வளவு சீக்கிரம் கசியக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தான். குப்பென்று முகத்தில் சூடாக ஆவி அடித்தது. மூடியின் உட்புறத்தில் காபி நுரை மாதிரி ஒரு பிசின் அப்பியிருந்தது.

"உள்ள மூச்சு முட்டுது சார்" என்றான். "எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவி இந்த வால்வு வழியா, இந்த ஹோஸ்ல போய்த் திரும்ப எரிஞ்சிடணும். வழி அடைச்சா அது சீலைத்தான் பிச்சிக்கிட்டு வரும். மொதல்லயே இதப் பாத்திருக்கணும். என் தப்புதான்."

ஹோஸைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியதே தவிர காற்று போகவில்லை. ஒரு கம்பியை விட்டு நெம்பினான். சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் துண்டு வெளியே விழுந்தது. கத்தியால் அளவாகச் சீவி வைத்த துண்டு.

மீட்டர்காரர் அதைக் கையில் எடுத்து உருட்டினார். "இது தானா உள்ள போயிருக்காதுல்ல?"

"எப்படிப் போகும்? யாரோ வேணும்னுதான் சொருகியிருக்காங்க. வால்வு கெட்டுப்போனா ஆயில் எரிஞ்சு பின்னாடி நீலமா பொகை வரும். விக்கறதுக்கு முன்னாடி சில பேர் இப்படி அடைச்சி வைப்பாங்க. பொகை நின்னுடும். வாங்கறவன் தலையில கட்டிடலாம்."

அவ்வளவுதான். மீட்டர்காரர் ரப்பரை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மச்சினன் கடைக்குப் போனார்.

அவன் ஒரு பெண்ணின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க மாமா, உக்காருங்க" என்றான். அவர் உட்காரவில்லை. ரப்பரைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"இது என்னன்னு தெரியுதா மச்சான்?"

அவன் முகம் மாறியது. அந்த மாற்றம் போதுமானதாக இருந்தது அவருக்கு.

"கூடப் பொறந்தவ தலையிலயே கட்டணும்னு எப்படிய்யா மனசு வந்துச்சு?"

கண்ணாடி வாங்க வந்த பெண் பையை எடுத்துக்கொண்டு நழுவினாள். அவள் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்காவுக்குத் தெரியுமா, நீங்க இங்க வந்தது?" என்று மட்டும் கேட்டான். பதில் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறான் என்று அவர் நினைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் அழுவாள், தம்பியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ரப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"நீலப் பொகையா?" என்றாள் மெதுவாக. "அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகும்போது வரும். சிக்னல்ல நின்னா போதும், உள்ள வந்துடும். அப்பா துண்ட மூக்குல பொத்திக்கிட்டு இருமுவார். அப்புறம் ஒரு நாள் நின்னுபோச்சு. கடைசி ரெண்டு மாசம் நிம்மதியாப் போயிட்டு வந்தார். ரிப்பேர் பண்ணிட்டேன்னு தம்பி சொன்னான்."

"அவனே அடைச்சிருக்கான்."

"அப்ப விக்கறதாவே இல்லியே. அப்பா போன பிறகுதானே எனக்குக் குடுத்தான்?"

அது சரிதான் என்று மீட்டர்காரருக்குப் பட்டது. இருந்தும், அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவருக்கே கூசியது.

மறுநாள் அவளே தம்பிக்குப் போன் போட்டு ஷெட்டுக்கு வரச் சொன்னாள். அவன் வந்து, சுவரோரமாக நின்றான்.

"ரோட்டோரம் ஒருத்தர்தான் அடைச்சிக் குடுத்தாரு" என்றான். "பொகை நின்னுச்சு. அப்பா இருமறதும் கொறைஞ்சுது. அதோட நான் மறந்துட்டேன். இதனால சீல் போகும்னு யாரு கண்டா?"

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேட்டீங்களா மாமா? தீர்ப்பையே எழுதிக் கையில எடுத்துட்டுல்ல வந்தீங்க."

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டான். வால்வைக் கழற்றி ஆட்டிக் காட்டினான். சத்தமே இல்லை. உள்ளே பிசின் பிடித்து இறுகிப்போயிருந்தது. கிளீனரை அடித்து ஊறவைத்து, மறுபடியும் அடித்தான். அழுக்குக் குழம்பாக வழிந்தது. கடைசியில் ஆட்டியபோது உள்ளிருந்த குண்டு கடகடத்தது. ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் அதை ஓரமாக வைத்துவிட்டுப் புது வால்வைப் போட்டான். ஹோஸை மீட்டர்காரரே வாங்கிக்கொண்டார். ஒரு நீளமான பிரஷ்ஷை விட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை தேய்த்தார். பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, சீலையும் மாற்றினார்கள். இந்தத் தடவை மீட்டர்காரர் ஸ்டூலை இழுத்துப்போடவில்லை.

எஞ்சின் ஓடும்போது ஆயில் வாய்மேல் மெக்கானிக் ஒரு தாளை வைத்தான். தாள் பறக்காமல், மெல்ல உள்வாங்கி ஒட்டிக்கொண்டது.

"இப்ப மூச்சு விடுது" என்றான். "ஆயில் மாத்தும்போதெல்லாம் இந்த வால்வ ஒரு தடவ ஆட்டிப் பாத்துடுங்க."

கிளம்பும்போது மனைவி முன்னால் ஏறினாள். தம்பி, தான் நடந்தே போவதாகச் சொன்னான். மீட்டர்காரர் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்தார். கையெல்லாம் கறுப்பாக இருந்தது.

"மச்சான், கடையில ஆளுங்க முன்னாடி பேசினது தப்பு."

"தப்புதான் மாமா" என்றான் அவன். ஏறி உட்கார்ந்தான்.