மனைவிகளுக்கு வராத காய்ச்சல்

1986 தீபாவளிக்குச் சில நாள் முன்பு பரமசிவமும் பெர்னார்டும் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தார்கள். ஒருவர் கிளமெண்டியில் பள்ளி எழுத்தர், மற்றவர் பூன் லே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். முன்பின் அறிமுகமில்லை. இருவருக்கும் கடுமையான நிமோனியா, பெனிசிலினுக்கு மசியவில்லை.

டாக்டர் ரூபிக்குச் சந்தேகம் தட்டியது. லீஜியனேர்ஸ் நோயோ? கட்டடங்களைக் குளிரவைக்கும் தண்ணீரில் வளரும் கிருமி அது. நீர்த்திவலையோடு மூச்சில் போனால் நுரையீரலைப் பிடிக்கும். மருந்தை எரித்ரோமைசினுக்கு மாற்றினார், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, இருவரும் தெளிவாகப் பேசினார்கள்.

“ரெண்டு வாரமா எங்கெங்க போனீங்க அங்கிள்?” என்று கேட்டார் ரூபி.

பரமசிவத்தின் மனைவி சிவகாமசுந்தரி முந்திக்கொண்டார். “எங்க போவாரு? ஸ்கூலு, வீடு. ஒருநாள் சிராங்கூன் ரோட்டுல சேலை எடுக்கப் போனோம். கடை வாசல்லயே நின்னாரு, பாவம்.”

“மூணு மாடிக் கட்டடத்துல இருக்கே, அந்தக் கடையா? நாங்களும் அங்கதான் எடுத்தோம்! இவரும் வாசல்லயே நின்னுட்டாரு!” என்றார் பெர்னார்டின் மனைவி அந்தோனியம்மாள். இருவரும் உடனே சேலைக் கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ரூபிக்குக் குழப்பம். மூன்று மணி நேரம் உள்ளே இருந்த மனைவிகளுக்கு ஒன்றுமில்லை. வாசலில் நின்றவர்களுக்கு மட்டும் எப்படி?

“ஆன்ட்டி, கேன்டீன்ல கோப்பி குடிச்சிட்டு வாங்களேன்.”

அவர்கள் போனதும் கேட்டார்: “உண்மையிலேயே வாசல்லதான் நின்னீங்களா?”

பரமசிவம் விட்டத்தைப் பார்த்தார். “மொட்டைமாடிக்குப் போனேன் டாக்டர். ஒரே ஒரு சிகரெட். விட்டுட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“ஒண்ணா?”

“அஞ்சு. அவ சேலை எடுக்கறத நீங்க பாத்ததில்லை.”

பெர்னார்ட் எழுந்து உட்கார்ந்தார். “நீங்களுமா? அந்தப் பெரிய மெஷின் பக்கத்துல நல்ல நிழல் லா! குற்றாலம் மாதிரி சாரல் வேற!”

“அந்தச் சாரல்தான் அங்கிள் உங்களப் படுக்க வச்சிருக்கு.”

அன்று மாலையே சுகாதார அதிகாரிகள் அந்தக் கடையின் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அந்தப் பெரிய மெஷினான கூலிங் டவரின் நிழலில் ஒலி முகம்மது என்பவர் புகைத்துக்கொண்டே இருமிக்கொண்டிருந்தார். கையோடு மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார்கள்; ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்ததால் நான்கே நாளில் வீடு திரும்பினார். டவரை நிறுத்தி, தண்ணீரை வடித்து, குளோரின் போட்டுக் கழுவினார்கள். அந்தத் தண்ணீரிலும் நோயாளிகளின் சளியிலும் அதே கிருமி இருந்தது.

பரமசிவம் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சிவகாமசுந்தரி கேட்டார். “கிருமி எங்க டாக்டர் இருந்துச்சு?”

“சேலைக்கடை மொட்டைமாடியில” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார் ரூபி.

“மாடியிலயா?” சிவகாமசுந்தரி கணவர் பக்கம் மெல்லத் திரும்பினார். “சரி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

பரமசிவம் சட்டைப் பொத்தானை மறுபடி கழற்றினார். “டாக்டர், இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருந்துக்கவா?”