பதக்க விழாவுக்கு ஒரு பூங்கொத்து

இந்தப் புகையில் பெயின்ட் கலந்திருக்கிறது. வெறும் விறகு இப்படி நாறாது.

எவந்தியா மாடியிலிருந்து கம்பிவேலிக்கு அப்பால் பார்த்தாள். கிரேக்கர் பக்கம், துருக்கியர் பக்கம் என்று சைப்ரஸை இரண்டாக வெட்டிய கோட்டின் நடுவே, யாரும் நுழையக் கூடாத நிலத்தில், அவள் பிறந்த வீடு. ஒன்பது வயதில் அதிலிருந்து ஓடிவந்தாள். முற்றத்தில் அமைதிப்படையின் நீலத் தொப்பிக்காரர்கள் நால்வர் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு கொடி. ஒருவன் நெருப்பில் செருகியது பச்சை அடித்த ஜன்னல் கதவு. அப்பா அடித்த பச்சை.

பெரிய போர்களுக்குப் பிறகு உலகத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று நம்பியவர் அப்பா. கிரீஸும் துருக்கியும் ஒரே ராணுவக் கூட்டணி, மோதவிட மாட்டார்கள். மோதினாலும் நடுவில் நிற்க நீலத் தொப்பிகள் இருக்கின்றன. அவளுடைய ஒன்பதாம் வயதுக் கோடையில் துருக்கிப் படையின் குண்டு விழுந்தபோதும், "நீங்க போங்க, வந்துடறேன்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். வரவில்லை.

அவள் இறங்கி வந்தபோது கீழே ஊர்த்தலைவன் ஹரிலாவோஸ் காத்திருந்தான். அவன் கையில் உறை போட்ட, ஊர்ப் பெண்களின் பழங்கால விழா உடுப்பு.

"எவந்தியாக்கா, சனிக்கிழமை நீலத் தொப்பிக்காரங்களுக்குப் பதக்கம் குத்துறாங்க. ஊர் சார்பா இதப் போட்டுட்டு நீங்கதான் தளபதிக்குப் பூ குடுக்கணும்."

"எதுக்குடா பதக்கம்?"

"மூணு மாசம் இங்க இருந்தாலே உண்டு."

"நான் அம்பது வருசமா இருக்கேன்."

"உங்க வாய்க்கே ரெண்டு குத்தலாம்." சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். "உங்க மனு கையெழுத்தாயிடுச்சுக்கா. நீங்க பூ குடுத்து விழா முடிஞ்சதும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ள போலாம்."

இதற்கு முன் பதினோரு மனுக்கள். பதினோரு முறையும் 'உள்ளே பாதுகாப்பு இல்லை' என்ற ஒரே பதில். இறைச்சி சுட மட்டும் பாதுகாப்பு இருக்கிறது.

அரை மணி நேரம். அப்பா கடைசியாக எந்த நாற்காலியில் உட்கார்ந்தார், மேசையில் குவளை இருக்கிறதா, கட்டில் கலைந்திருக்கிறதா. அது போதும் அவளுக்கு. அப்போதே அவள் கண் உடுப்பின் இடுப்பை அளந்தது: எனக்குப் பத்துமா? புகையைவிட அந்த நினைப்புதான் அதிகம் நாறியது. என்னையும் பழக்கிவிட்டார்கள்.

"சிரிக்கக்கூட வேணாம்க்கா. பூவ நீட்டிட்டு வந்தாப் போதும்."

"வேற யாரையாவது பாரு."

"அக்கா, இந்தத் தடவ விட்டா அப்புறம் அனுமதி..."

"தெரியும்டா."

அவள் உடுப்பை அவன் முழங்கையிலேயே ஒழுங்காக மடித்துப் போட்டாள். தரையில் புரண்ட பாவாடை நுனியைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, உறைக்குள் செருகினாள். பிறகு அவன் போவதற்காகக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.