பத்தாம் லயத்தில் தண்ணீர் கொதிக்காமல் போனது

2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து, லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பத்தாம் நம்பர் லயத்தில், பன்னிரண்டு வரிசை வீடுகளில் பதினொன்றில் தண்ணீர் கொதிப்பதில்லை. விறகில் குறையில்லை. தண்ணீர் கை பொறுக்காத சூட்டுக்கு வந்து, ஒரு குமிழிகூட விடாமல் அப்படியே நின்றுவிடும். பன்னிரண்டாவதான கருப்பம்மாவின் வீட்டில் மட்டும் வழக்கம்போல் கொதித்தது. அந்த வீட்டில் போன் கிடையாது.

அந்த மாதம், மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரால் மஞ்சள் காமாலை பரவியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருடமாக அங்கே சுகாதாரப் பரிசோதகராக இருந்த இரகுநாதன், லயம் லயமாகவும் வகுப்பு வகுப்பாகவும் போய், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அதே வாரம் பண்டாரவளை டியூஷன் பிள்ளைகளின் பேஸ்புக் பக்கத்தில், எழுதியவர் யாரென்று தெரியாத ஒரு வரி வந்தது: கொதித்த தண்ணீர் குடித்தால் படித்தது மறந்துபோகும், டிசம்பரில் ஓ/எல் பரீட்சை எழுதுபவர்கள் பச்சைத் தண்ணீரே குடிக்கவும், பத்துப் பேருக்கு அனுப்பவும். பத்தாம் லயத்துப் பெரியாயியின் மகள் சிவசக்திக்கும் அந்த டிசம்பரில்தான் பரீட்சை, கணிதம் என்றாலே பயம். படித்ததும் நம்பினாள், லயத்திலிருந்த மற்றப் பத்துப் போன்களுக்கும் எஸ்எம்எஸ் அனுப்பினாள். அன்று மாலையே பதினோரு அடுப்புகளிலும் தண்ணீர் அடங்கிப்போனது. பிள்ளைகள் அதை நல்லதென்று எடுத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் பெரியவர்களும் பீலியிலேயே குடித்துவிட்டுப் போனார்கள்.

செப்டெம்பர் கடைசியில் பெரியாயியின் கண்கள் மஞ்சளாயின. சிவசக்தி இரண்டு மணி நேரம் அடுப்பை ஊதினாள்.

"இன்னும் கொதிக்கலையாடி?"

"கொதிக்க மாட்டேங்குதும்மா. நான்தான் எல்லாருக்கும் அனுப்புனேன்."

பெரியாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரகுநாதன் வந்து வெப்பமானியை விட்டுப் பார்த்தார். எழுபத்தொரு பாகை. எல்லா வீட்டிலும் அதுவேதான். "நான் ஆறு வரியமாத் தொண்டை கிழியச் சொல்லுறன், ஒரு பிள்ளையும் கேக்கேல்லை. ஆரெண்டே தெரியாத ஒருத்தன் ஒரு வரி எழுதினான், தண்ணியே கேட்டிட்டுது" என்றார். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். வெப்பமானியை மாற்றிப் பார்க்கும்படி பதில் வந்தது. மூன்று முறை மாற்றினார்.

சிவசக்தி அதே பத்துப் பேருக்கும் அது பொய்யென்று அனுப்பினாள். பேஸ்புக்கிலும் எழுதினாள். இரண்டு பேர் அவள் யாரென்று கேட்டார்கள். ஒருத்தி பழைய வரியையே அவளுக்குத் திருப்பி அனுப்பினாள். தண்ணீர் அரைப் பாகைகூட ஏறவில்லை. அகப்பையை மூலையில் எறிந்துவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு கருப்பம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

"இங்க வச்சுக்கிறட்டுமாக்கா?"

"வச்சுக்க. போனை வெளியில வச்சுட்டு வா."

பத்தே நிமிடத்தில் மூடி தடதடத்தது. சிவசக்தி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதாள். மறுநாள் இரண்டு பானைகள் வந்தன, மாத முடிவில் பதினொன்றும் வந்தன. ஆளுக்கொரு கட்டு விறகும் கொண்டுவந்தார்கள். பெரியாயி தேறி, கார்த்திகையில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வருடம் இரகுநாதன் தம் படிவத்தில், தண்ணீர் கொதிக்கவைக்கப்படுகிறதா என்ற கேள்விக்குப் பக்கத்தில், பேனாவால் ஒரு கோடு இழுத்து 'அடுத்த வீட்டில்' என்று எழுதிக்கொண்டார். பத்தாம் லயத்துக்கு அதில் பதினோரு சரி போட்டார். பிறகு பதினோராம் லயத்துக்குப் போனார்.