அழிக்காத படம்

மார்ச் பன்னிரண்டாம் தேதி, காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாட்டியிருந்த முப்பத்தாறு தானியங்கிக் கேமராக்களில் கடைசி ஒன்றை வர்ஷினி கழற்றினாள். யானைகள் எந்த வழியாகத் தோட்டங்களுக்குள் இறங்குகின்றன என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஐந்து மாதக் களவேலை அதோடு முடிந்தது. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் திருமூர்த்தி, "சந்தோசமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன்பு, அவள் படங்களில் அதிகம் விழுந்த கிழிந்த காது ஆண் யானை ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது. காட்டுப்பன்றியைக் கொல்ல யாரோ தீனிக்குள் மறைத்து வைத்த வெடி, அவுட்டுக்காய், வாயில் வெடித்துத் தாடை உடைந்திருந்தது. தின்ன முடியாமல் இருபது நாள் போல அலைந்திருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். பிரேதப் பரிசோதனையில் அளவு டேப்பின் ஒரு முனையை வர்ஷினிதான் பிடித்துக்கொண்டாள். அளவுகளைப் பிழையில்லாமல் எழுதினாள். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு சாப்பிட்டாள், தூங்கினாள், காட்டுக்குப் போனாள். எதுவும் உள்ளே போய்ச் சேரவில்லை.

மத்தியானம் அறைக்கு வந்து கடைசிக் கேமராவின் கார்டை மடிக்கணினியில் போட்டாள். ஜனவரி நடுவில் மாற்றிய கார்டு. அவள் தங்கியிருந்தது கோவிந்தராஜுலுவின் வீட்டு மாடியில். வாழையும் சோளமுமாக ஆறு ஏக்கர் வைத்திருந்தார். அவர் மனைவி அம்புஜம்தான் ஐந்து மாதமும் அவளுக்குச் சோறு போட்டவர். அந்தக் கேமரா இருந்ததும் கோவிந்தராஜுலுவின் தோட்டத்து வேலியோரம்தான்.

மயில், பன்றி, மறுபடி மயில். பிறகு ஜனவரி இருபத்தெட்டு, காலை 5.52. கோவிந்தராஜுலு குனிந்து வேலிக்கடியில் உருண்டையாக எதையோ வைக்கிறார். அடுத்த படத்தில் துண்டில் கையைத் துடைக்கிறார். மறுநாள் அதே இடத்தில் கிழிந்த காது. அதற்கடுத்த படத்தில் புழுதி மட்டும்.

அக்டோபரில் ஒவ்வொரு தோட்டத்துக்காரரிடமும் அவளே ஒரு படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஆட்கள் படம் விழுந்தால் அழித்துவிடுவோம் என்று அதில் இருந்தது.

மடிக்கணினியோடு கீழே இறங்கிப் போனாள். கோவிந்தராஜுலு மோட்டார் ரூமுக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டைப் பைப்புக்கு ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பன்னிக்கு வெச்சதுங்க அம்மணி. ஆனைக்கு வெப்பனா நானு?"

அவள் கிழிந்த காது நின்ற படத்தைக் காட்டினாள்.

"ஆளுக படம் உழுந்தா அழிச்சுப்போடறேன்னு சொல்லித்தானுங்க கேமரா மாட்டுனீங்க?"

"ஆமாங்க. சொன்னேன்."

"அப்பறம்?"

"இதை அழிக்க மாட்டேனுங்க."

அவர் திரும்பவும் ரப்பரைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆய்வு வழிகாட்டி டெய்சி மேடத்துக்குப் போன் செய்தாள். படிவத்தில் நிறுவனத்தின் கையெழுத்தும் இருக்கிறது, படத்தை வனத்துறைக்குக் கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு என்றார் மேடம். எது செய்தாலும் காரணத்தை எழுத்தில் தரச் சொன்னார். சாயங்காலம் வர்ஷினி படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு வனவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

காலையில் வனத்துறை ஜீப் வந்தது. கோவிந்தராஜுலு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரும் பிடித்திழுக்காமல் தானே ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். ஜீப் போன பிறகு அம்புஜம் மாடிக்கு வந்தார்.

"உன்ற பையைக் கீழ எறக்கி வெச்சுட்டேன் கண்ணு. ஒம்பதே கால் பஸ்சைப் புடிச்சுக்க." வாசல்படியில் கொஞ்சம் நின்றார். "இட்லி இருக்குது. தின்னுபோட்டுப் போ."

வர்ஷினி மூன்று இட்லி தின்றாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று நினைத்தாள். அம்புஜம் எதிரில் உட்கார்ந்து, சட்னி வேண்டுமா என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டுமா, எதற்காகக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சோமனூரில் அப்பாவின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலேயே மறுநாள் மத்தியானம் வரை தூங்கினாள். எழுந்து டெய்சி மேடத்துக்குக் காரணத்தை எழுதினாள். நாலு வரிதான் வந்தது.

இரண்டு வாரம் கழித்துத் திருமூர்த்தி கூப்பிட்டார். கோவிந்தராஜுலு ஜாமீனில் வந்துவிட்டாராம். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பதினான்கு பேர் இனிமேல் கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அவுட்டுக்காய் வெக்கறது நின்னுதுங்களா?" என்று கேட்டாள்.

"யாருக்குங்க தெரியும்? கேமரா இருந்துதுன்னா பாத்துச் சொல்லலாம்."

அவள் சரிங்க என்று சொல்லிப் போனை வைத்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்து போனாள்.