இரண்டாம் சேனல் சொன்ன சூடு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஸ்மோலண்ட் காட்டுக்குள் இருக்கும் எங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் நான் மெருகுப் பிரிவு. காப்பி வேளையில் குன்வோர் சொன்னாள். பாதிதான் புரிந்தது, முழுதும் புரிந்த மாதிரி தலையாட்டினேன். எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

"அடுப்பு பொய் சொன்னது" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அடுப்பு எதுவும் சொல்லவில்லை. அதற்குள் இருந்த இரண்டு தெர்மோகப்பிள்கள்தான்... அவையும் சொல்லவில்லை, துளி மின்சாரம் அனுப்பின, அதை எண்ணாக்கிய பெட்டி—

சரி, ஆட்களிலிருந்தே தொடங்குகிறேன்.

2

குன்வோர் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்துகிறவள். கண்ணாடியை மெல்ல ஆறவைக்கும் அடுப்புக்குப் புதுப் பெட்டி அவள்தான் போட்டாள். அதில் முதல் வேலையாக உள்ளே போனது எங்கள் செதுக்குப் பிரிவு மார்கித்தின் கண்ணாடி ஞானஸ்நானத் தொட்டி. ஊர் தேவாலயம் எரிந்ததிலிருந்து பாதிரியார் சாலட் கிண்ணத்தில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்காக மார்கித் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, விளிம்பு முழுக்க குழந்தைக் கைகளாகச் செதுக்கிய தொட்டி அது. கண்ணாடிக்குள் எங்கோ இறுக்கம் தங்கிவிட்டது. மறுபடி நானூற்று எண்பது டிகிரிக்கு ஏற்றி, நிறுத்தி, மெல்ல ஆறவிட வேண்டும். இன்னொன்று செய்ய முடியாது. மார்கித்தின் கைகள் இப்போது நடுங்குகின்றன.

தெர்மோகப்பிள் என்பது நுனியில் சேர்ந்த இரண்டு வேறு உலோகக் கம்பிகள். சூடு பட்டால் மின்சாரம் கசியும். கே, ஜே என்று அதில் வகைகள் உண்டு. ஒரே சூட்டுக்கு வகைக்கு ஓர் அளவு. எந்தச் சேனலில், அதாவது கம்பி பெட்டிக்குள் வந்து சேரும் எந்த வழியில், எந்த வகை என்று பெட்டியிடம் நாம்தான் சொல்ல வேண்டும். ஒட்டியிருந்த அடையாளச் சீட்டுகள் கருகிப்போயிருந்தன. இங்கே எல்லாமே கே-தான் என்று எல்லாரும் சொன்னதால், குன்வோர் இரண்டு சேனலையும் கே என்று வைத்தாள்.

(இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "பாதி தப்பு" என்றாள். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.)

3

காலையில் இரண்டு சேனலும் ஒரே எண்ணைக் காட்டின. சூடு ஏற ஏறப் பிரிந்தன. மத்தியானம் முதலாவது 480, இரண்டாவது 633.

"ரெண்டு கம்பியும் ஒரே அடுப்புலதானே இருக்கு?" என்றான் அடுப்புப் பொறுப்பாளன் ஸ்டாஃபன்.

"பக்கத்துப் பக்கத்துல."

"அப்ப எது உளறுது?"

"தெரிஞ்சா உன்கிட்ட நின்னு பேசிட்டிருப்பேனா?"

633 என்றால் செதுக்கிய விரல்கள் இந்நேரம் குழைந்துகொண்டிருக்கும். உடனே அணைக்க வேண்டும். 480 என்றால் இப்போது அணைப்பதுதான் தப்பு. இறுக்கம் தீராமல் என்றாவது தண்ணீரோடு பிளந்துவிடும். எட்டிப் பார்க்க ஓட்டை கிடையாது. மூடியைத் தூக்கினால் குளிர்காற்று பட்டே வெடிக்கும்.

குன்வோர் இரண்டாவது சேனலை ஜே என்று மாற்றினாள். 480.

"முடிஞ்சுதுடா சாமி!" என்று ஸ்டாஃபன் கைதட்டினான்.

"என்ன முடிஞ்சுது? ஒத்துப்போற வரைக்கும் மாத்திக்கிட்டே இருந்தா எதுவும் ஒத்துப்போகும்."

[ஸ்டாஃபனை இங்கே வில்லனாக்கப் பார்த்தேன். அவன் ஒத்துழைக்கவில்லை. சாப்பாட்டு அறைக்கு ஓடி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மான் காந்தத்தைப் பிடுங்கி வந்தது அவன்தான்.]

4

ஜே வகையில் பிளஸ் கம்பி இரும்பு, காந்தம் பிடிக்கும். கே வகையில் மைனஸ் கம்பி பிடிக்கும். (இரண்டு முறை மாற்றி எழுதித் திருத்தினேன்.) குன்வோர் பெட்டிக்கு வரும் வயர் முனைகளில் வைத்துப் பார்த்தாள். முதல் சேனலில் மைனஸ் பிடித்தது. இரண்டாவதில் பிளஸ்.

"ஜே-தான்," என்றாள்.

"வெளிய இருக்கிற வயரு ஜே. அடுப்புக்குள்ள இருக்கிற கம்பியும் அதேதானா?" என்று கேட்டான் ஸ்டாஃபன். கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தான்.

அப்போது மார்கித் உள்ளே வந்தாள். குன்வோர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அணைக்கவா, விடவா? உன் தொட்டி, மார்கித். நீதான் சொல்லணும்."

"எனக்கு இதுல என்ன தெரியும்? நீ என்ன நினைக்கிற?"

"எண்ணும் ஜே-ன்னுது, காந்தமும் ஜே-ன்னுது. எனக்குத் தெரிஞ்ச எல்லா வழியிலயும் கேட்டுப் பாத்துட்டேன். ஆனாலும் உறுதியாச் சொல்ல முடியல."

மார்கித் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள். "எனக்கும்தான். விடு, ஓடட்டும்," என்றாள். பிறகு அடுப்பருகே இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, குன்வோரோடு உட்கார்ந்தாள்.

5

முடிவு ஒன்று: மூடி திறக்கிறது, விரல்கள் அப்படியே—

முடிவு இரண்டு: விளிம்பு முழுக்க உருகி, கைகள் இருந்த இடத்தில்—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாகத்தான் ஒத்துப்போயின, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்பு இன்னும் ஆறி முடியவில்லை. இன்று போய் மூடியைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் அந்த இரண்டு நாற்காலிகளையும் யாரும் எடுக்கவில்லை. இப்போதைக்கு ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்று உங்களுக்கு.