விழா முடிந்த பின் எரிந்த விளக்குகள்

குன்றுகள் வளைத்த புணே மாநகரின் தென்கிழக்கே, கோந்த்வாவின் அடுக்குமாடங்கள் மீது கார்த்திகை அந்தி மெல்லக் கவிந்தது. தீபாவளி கழிந்து பல நாள் ஆனமையால், அண்டை வீட்டார் தம் தொங்குவிளக்குகளைக் கழற்றிவிட, மாடங்கள் யாவும் கண்மூடிய முகங்களைப்போல் இருண்டு கிடந்தன. ஐந்தாம் மாடியின் முகப்பொன்றில் மட்டும் நீலா அகல்களை வரிசையாக வைத்துத் திரியேற்றிக்கொண்டிருந்தாள்.

அருகே நின்ற அவள் கணவன் சபரி படைவீரன். ஆயினும் களம் கண்டவன் அல்லன். நகர்ப்புறத்து நிலத்தடி அறையில், தலையிலே கருவிமுடி அணிந்து கண்மூடிக் கிடப்பான். அப்போது எல்லைமலைகளின் மேல் திரியும் ஆளில்லா இயந்திரப் பறவைகளின் கண்களே அவன் கண்களாகும். எரிக்கத்தக்கது எது எனத் தீர்ப்பது அவன் பணி. மறுநாள் அவன் உள்ளத்தைப் படியெடுத்து ஆயிரம் பறவைகளுள் பதிக்க இருந்தனர். அதன்பின் அவை எவரையும் வினவாமல் தாமே தீர்க்கும்.

"என்னங்க, சிலையாட்டம் நிக்கறீங்க? காத்துக்கு மறைச்சு நில்லுங்க."

"அப்பா டியூட்டில இருக்காரும்மா," என்று சிரித்த மகள் மீனு, சுடரைச் சுற்றி இரு கைகளையும் குவித்தாள். "கீழ் வீட்டு ஆன்ட்டி கேட்டாங்க, திவாளிதான் முடிஞ்சுபோச்சே, இப்ப எதுக்கு தியா விளக்குன்னு."

சபரி அவள் குவித்த கைகளையே பார்த்தான். சென்ற கிழமை, மலைச் சிற்றூர் ஒன்றில், ஒரே வீட்டின் விளிம்பில் விளக்குகள் வரிசையாய் எரியக் கண்ட பறவை, ஐயுற்று அவனை வினவியிருந்தது. விழாதான் முடிந்ததே, இது பகைவர்க்குக் காட்டும் குறி என்று தீர்த்து, எரிக்கச் சொன்னவன் அவனே. அங்கும் ஒரு சிறிய உருவம் கைகுவித்து நின்றது. படைக்கலத்தை மறைக்கிறது என எண்ணினான். கார்த்திகைதோறும் தன் வீட்டில் எரியும் விளக்குகளைக் கண்டே வளர்ந்தவனுக்கு, அன்று அது நினைவில் எழவில்லை.

அவன் கண்களை மூடினான். கருவிமுடி அணியாமலே பறவையின் பார்வை உள்ளே விழித்தது: உயரத்திலிருந்து தன் வீடு, சுடர் வரிசை, வெம்மையாய்த் துலங்கும் இரண்டு உடல்கள், அவற்றைச் சுற்றி இறுகும் செவ்வளையம். 'ஆம்' என்னும் சொல் தன் தொண்டையிலேயே எழக் கேட்டான்.

"நீலா, நான் இப்பவே கிளம்பறேன். நாளைக்கு அவங்க கையில சிக்கக் கூடாது."

"லீவு சொல்லிட்டீங்களா?"

"லீவு இல்லம்மா. ஓடறேன்."

அவள் எண்ணெய்க்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பிடிச்சுட்டா?"

"பிடிக்கிற வரைக்குமாவது அந்த மலைல யார் வீட்லயாவது விளக்கு எரியட்டும்."

அவன் முகத்தில் எதைக் கண்டாளோ, மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

படியிறங்கித் தெருவின் இரைச்சலுள் கலந்தான் சபரி. அன்புடையீர், படையை விட்டு நீங்குவதற்கு அவனுக்கு ஓர் அந்திப்பொழுது போதியதாயிற்று. தன் பார்வையை விட்டு நீங்கும் வழியையோ அவன் அறிந்திலன். மேலே தன் வீட்டு விளக்குகள் எரிவதை அறிந்தும், திரும்பினால் அவற்றை எந்தக் கண்ணால் காண்போமோ என்று அஞ்சி, திரும்பாமலே நடந்தான்.