அறுபதுக்கு மேல் ஏறாத வண்டி

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. வயது முப்பத்தெட்டு ஆகியும், வீடு வீடாகப் போய் எலும்பு முறிந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற பிசியோதெரபிஸ்ட் ஆகியும் பாப்பாதான். அந்தப் பாப்பா தன் சொந்தக் காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு, முதுகெல்லாம் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தாள். ஏசியைத் தொட்டால் சார்ஜ் குறையும். சார்ஜ் குறைந்தால் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது. கார் வந்தால் கால்வலி தீரும் என்று நினைத்தாள். தலைவலிதான் வந்து சேர்ந்தது.

வாங்கும்போது அண்ணன் கூடவே வந்தான். பழைய எலெக்ட்ரிக் கார் விற்கிற இடம் ஒன்று பாக்கியில்லை. டயரைத் தட்டினான், சார்ஜ் ஒயரை முகர்ந்து பார்க்காத குறைதான், எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினான். கடைசியில், "எவனோ ஒருத்தன்கிட்ட வாங்கி ஏமாறாதே பாப்பா. நான் புது வண்டி எடுக்கப் போறேன். என்னுதை நீ எடுத்துக்கோ, நம்ம கையில வளர்ந்த வண்டி," என்றான். தங்கைக்கென்று ஒரு காசு குறைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பேப்பர் எல்லாம் அவள் பேருக்கு மாறியது. முதல் கார் அல்லவா? அன்று சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள், பைத்தியக்காரி.

பழைய கார் வாங்குகிறவர்களுக்குப் புத்தி சொல்ல ஊரே வரிசையில் நிற்கும். பேட்டரியைப் பார், டயரைப் பார், இடிபட்ட வண்டியா என்று பார். பழைய சொந்தக்காரர் வண்டியை விட்டு இறங்கிவிட்டாரா பார் என்று மட்டும் ஒரு ஜீவனும் அவளிடம் சொல்லவில்லை.

வாங்கிய வாரத்திலிருந்தே சார்ஜ் அறுபது சதவீதத்தைத் தாண்டவில்லை. இரவெல்லாம் போட்டு வைத்தாலும் காலையில் அறுபதுதான். அண்ணனுக்கு போன் செய்தாள்.

"வண்டியில ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் ஓட்டத் தெரியல. ஆக்சிலரேட்டர்ல காலைப் பூ மாதிரி வைக்கணும்."

பூ மாதிரி வைத்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரனடித்துத் திட்டியதை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். தன் மேல்தான் தப்பு என்று நம்பினாள். அதை இப்போது நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவள் ஓட்டுகிற லட்சணம்தான் தொட்டுக்கொள்ள. அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள். அண்ணிக்கும் ஒரு வெள்ளைக் கார் உண்டு, பிறந்த நாளுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. "உங்க அண்ணன்கிட்ட எதையும் மறைக்க முடியாது பாப்பா. நான் வீட்டுக்குள்ள நுழையும்போதே முகத்தைப் பாத்து, எங்க போயிட்டு வர்றேன்னு சொல்லிடுவாரு," என்பாள். சொல்லும்போது அண்ணியின் முகத்தில் கல்யாணப் பெண்ணின் வெட்கம் இருக்கும். அண்ணன் தட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொள்வான்.

ஒரு நாள் காலையில் விஷயம் முற்றியது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த தையல்காரம்மா வீடு ஊருக்கு வெளியே இருந்தது. பாதி வழியில் சார்ஜ் குறைந்து, ஒரு சார்ஜ் போடும் இடத்தில் நான்கு வண்டிகளுக்குப் பின்னால் காத்துக் கிடந்து, பாப்பா போய்ச் சேர்ந்தபோது அந்தம்மா தரையில் கிடந்தாள். ஒரு மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

"நீங்க வரக் காணோம். நானே எழுந்து பாக்கலாம்னு..." என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள் அந்தம்மா. தைக்கிற கை அது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா அழுதேவிட்டாள். அவளை வேலைக்கு அனுப்புகிற கிளினிக்கின் மேனேஜர் போனில் சுருக்கமாகப் பேசினாள்: இன்னொரு தடவை தாமதமானால் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அங்கிருந்து நேராக சர்வீஸ் சென்டர். ஒரு பெண் லேப்டாப்பை வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பேட்டரி ஜம்முனு இருக்கு மேடம். அறுபதோட நிறுத்தச் சொல்லி நீங்கதானே செட் பண்ணியிருக்கீங்க?"

"நானா?"

காரின் திரையில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. அந்தப் பெண் அதை விரலால் இழுத்து நூறில் விட்டாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் வெந்தோம் என்று பாப்பாவுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுவிட்டு, பால் பொங்கக் காத்திருப்பவள் போல வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். அறுபது தாண்டியது. அறுபத்து மூன்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போது, யாருமே தொடாமல், பச்சைக் கோடு தானாக நகர்ந்து அறுபதுக்கு வந்து நின்றது. சார்ஜ் ஏறுவதும் 'டக்'கென்று நின்றுபோனது. அவள் கோட்டை மறுபடி நூறுக்கு இழுத்தாள். அது மறுபடி திரும்பி வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள்.

போன் அடித்தது. அண்ணன்.

"பாப்பா, எதுக்கு அந்தக் கோட்டை இழுத்து இழுத்து விளையாடுற? நான் எத்தனை தடவை மாத்துறது?"

பாப்பா போனை வைத்தாள். சார்ஜ் ஒயரைப் பிடுங்கினாள். அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியில் ஏசியை முழுசாக வைத்தாள், காலைப் பூ மாதிரி வைக்கவில்லை.

அண்ணன் சோபாவில் சாய்ந்திருந்தான். "வா பாப்பா. சாப்பிட்டியா?"

"உன் போனை எடு."

"முதல்ல உக்காரு."

"எடுண்ணா போனை!"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எதுக்கு இப்ப கத்துற? முழுசா ஏத்தினா பேட்டரி ஆயுசு குறையும். உனக்கு அதெல்லாம் புரியாது. அதான் நான் இங்கேருந்தே பாத்துக்கறேன். உன் நல்லதுக்குத்தானே?"

"நான் வழியில நின்னப்பல்லாம் உனக்குத்தானே போன் பண்ணேன்? அப்ப ஏன் சொல்லல? ஓட்டத் தெரியலன்னு சொன்னியே! எல்லாரையும் கூட்டி வச்சு என்னைப் பாத்துச் சிரிச்சியே! இன்னிக்கு ஒரு அம்மா கீழ விழுந்து கெடந்தாங்க, தெரியுமா உனக்கு?"

"தெரியும், தெரியும். ஒன்பதரைக்குத்தான் நீ அங்க போய்ச் சேர்ந்த. நடுவுல எங்கயோ நின்னுக்கிட்டு இருந்த."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அவள் போன இடம், நின்ற இடம், திரும்பிய தெரு எல்லாம் இவன் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. இவன் விற்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு ஓட்டுவதற்குக் கொடுத்திருக்கிறான்.

"இன்னமும் உன் போன்ல இருக்கிற அந்தக் கார் ஆப்ல என் வண்டி இருக்கு. எடு அதை."

"தனியா இருக்கிற பொண்ணு நீ. நாளைக்கு ஒண்ணுன்னா..."

"ஒண்ணுன்னா உன்னைக் கூப்பிடுவேன், இல்ல கூப்பிட மாட்டேன். அது என் இஷ்டம். வாங்கினவ நான். எடு!"

அண்ணன் முனகிக்கொண்டே போனைத் திறந்தான். பாப்பா அவன் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள். திரையில் மூன்று கார்கள் இருந்தன. அண்ணன் புதிதாக வாங்கியது. அவளுடைய நீலம். அதற்குக் கீழே ஒரு வெள்ளை.

"அது என்னுதா?"

அண்ணி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று இருவருக்குமே தெரியவில்லை. ஈர விரலால் அந்த வெள்ளைக் காரைத் தொட்டாள். வரைபடம் விரிந்தது. அவள் தங்கை வீடு, நூலகம், டாக்டர் வீடு, எல்லாம் புள்ளி புள்ளியாகக் கிடந்தன.

"என் முகத்துலேயே எழுதியிருக்குன்னு நினைச்சேன்," என்றாள் அண்ணி. "எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேனே."

அண்ணன் பாப்பாவின் காரை அழுத்தினான். நிரந்தரமாக நீக்கவா என்று போன் கேட்டது. அவன் பாப்பாவைப் பார்த்தான்.

"என்னைக் கேக்காதே. அழுத்து."

நீலக் கார் திரையிலிருந்து போனது.

"என்னுதையும் எடுத்துடுங்க," என்றாள் அண்ணி.

"அது என் பேர்ல இருக்கிற வண்டி," என்றான் அண்ணன். குரலில் கொஞ்சம்கூடச் சுருதி இறங்கவில்லை.

பாப்பா தன் சாவியை எடுத்து அண்ணியின் ஈரக் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"போயிட்டு வாங்க அண்ணி."

"எங்க பாப்பா?"

"எனக்கும் தெரிய வேண்டாம்."

அண்ணி கையைப் புடவையில்கூடத் துடைக்காமல் செருப்பை மாட்டினாள். எலெக்ட்ரிக் கார், கிளம்பியதே கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நீலக் கார் நின்ற இடம் காலியாக இருந்தது.

அண்ணனின் கட்டைவிரல் பழக்கத்தில் திரையை மேலும் கீழும் தள்ளியது. திரையில் வெள்ளைக் கார் மட்டும் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"எங்க போயிருப்பா?" என்று கேட்டான்.

"வரட்டும்ணா," என்றாள் பாப்பா. "முகத்தைப் பாத்துச் சொல்லு."